ரோடு, பாலம், ஏரி வேலைகளில் வனச் சட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு வேலைகளில் பொறியாளனாகச் சில காலம், பிறகு ஒப்பந்ததாரர்களுக்குக் காகித வேலை பார்ப்பவனாகப் பல காலம் ஓட்டியிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளர்கள், ஊராட்சிச் செயலர்கள், சின்ன ஒப்பந்ததாரர்கள் எனப் பலரும் போனில் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டங்கள் பெரும்பாலும் மத்திய அரசுடையவை. நடைமுறை தமிழ்நாட்டில் நான் பார்த்தது.

எங்கள் வேலை ஊருக்குள் நடக்கிறது. பக்கத்தில் காடே இல்லை. வனச் சட்டம் எங்களுக்கு எதற்கு?

எனக்கு வரும் பத்து அழைப்புகளில் ஆறு இப்படித்தான் தொடங்கும். காடு என்ற நிலத்துக்கு ஒரு சட்டம், காட்டுயிருக்கு ஒரு சட்டம். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வரும் குழப்பம் இது.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விலங்கு எங்கே இருக்கிறதோ அங்கே அதன் பின்னாலேயே வரும். மயில் காப்புக்காட்டில் இருந்தாலும் முதல் அட்டவணை (மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பட்டியல்), பஞ்சாயத்து அலுவலகக் கூரையில் இருந்தாலும் முதல் அட்டவணை. மலைப்பாம்பு, உடும்பு, எறும்புதின்னி, தேவாங்கு, நட்சத்திர ஆமை எல்லாம் அதே பட்டியலில் இருப்பவை. 2022-இல் சட்டத்தைத் திருத்தி ஆறு அட்டவணைகளை நான்காகக் குறைத்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதல் இரண்டு அட்டவணைகளில் விலங்குகள், மூன்றாவதில் தாவரங்கள், நான்காவதில் அழிவாபத்திலுள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கைக்கு உட்பட்டவை. இதில் நல்ல பாம்பும் சாரையும்கூட முதல் அட்டவணைக்கு ஏறிவிட்டன. கல்வெர்ட் (சாலைக்கடியில் தண்ணீர் போகும் சிறுபாலம்) இடிக்கும்போது மண்வெட்டியால் அடித்துப் போடுகிற பாம்பு எதுவாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் துப்பாக்கி தூக்குவது மட்டுமல்ல. காட்டுப் பறவை, ஊர்வன ஆகியவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைக்கான விளக்கத்திலேயே இருக்கின்றன. சாலையோர மரத்தைக் கூடுகளோடு சாய்ப்பவர் தன்னை வேட்டைக்காரர் என்று நினைத்திருக்க மாட்டார். சட்டத்தின் எழுத்து அப்படித்தான் வாசிக்கிறது.

அப்படியானால் மொத்தம் எத்தனை சட்டம் பார்க்க வேண்டும்?

நிலம் காடென்றால் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம். 2023 திருத்தத்தில் இதற்கு இந்திப் பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அலுவலகங்களில் இன்னும் எஃப்.சி. ஆக்ட்தான். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் மேலே சொன்ன 1972 சட்டம் கூடுதலாக. பெரிய திட்டமென்றால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. கடலோரம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. ராம்சார் ஈரநிலம் (பன்னாட்டு முக்கியத்துவம் பெற்றது) என்றால் 2017 ஈரநில விதிகள். மலை கிராமம் என்றால் தமிழ்நாட்டின் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம். ஒரே வேலைக்கு நான்கு சட்டம் பொருந்துவதும் உண்டு. ஒன்றின் கீழ் வாங்கிய அனுமதி இன்னொன்றுக்குச் செல்லாது.

இந்த நிலம் காடா இல்லையா என்பதை எப்படி உறுதி செய்வது?

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முள்ளும் கல்லுமாய்க் கிடக்கும் இடம் காப்புக்காடாக இருக்கும், அடர்ந்த தோப்பு பட்டாவாக இருக்கும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு (நில வகைக் கணக்கு), புலப்படம். பிறகு வனச்சரக அலுவலகத்தில் காப்புக்காட்டு எல்லை வரைபடம். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு என்றும் வனத்துறைக் கணக்கில் காடு என்றும் ஒரே நிலம் இருந்து, இரண்டு துறைகளும் விட்டுக்கொடுக்காமல் நின்ற இடங்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் கூட்டுத் தணிக்கை போட்டு, எல்லைக் கற்களைப் பார்த்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட குறிப்போடுதான் அடுத்த அடி.

பதிவேட்டில் காடென்று இல்லாத நிலமும் காடாகலாம். கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ‘காடு’ என்பதற்கு அகராதிப் பொருளே பொருள், நில உரிமை யாருடையது என்பது பொருட்டல்ல என்று சொன்னது. 2023 திருத்தம் அதைச் சுருக்கப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு, பழைய விளக்கத்தையே இப்போதைக்குப் பின்பற்றச் சொன்னது. ஆகவே ‘திருத்தம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை’ என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே இருக்கிற ரோடுதான். மேலே ஒரு லேயர் போடப் போகிறோம். அதற்கும் அனுமதியா?

காட்டு நிலத்தில் உள்ள பழைய சாலையில் அகலம் மாறாமல், புதிதாக ஒரு அடி நிலமும் எடுக்காமல் செய்யும் பராமரிப்புக்கு முழு அனுமதிச் சடங்கு தேவைப்படாது. ஆனால் பெர்ம் (சாலையோர மண்பட்டை) அகலப்படுத்துவது, வளைவை நேராக்குவது, பக்கவாட்டு வாய்க்கால் வெட்டுவது, தடுப்புச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டுவது எல்லாமே புதிய நிலம். ‘ரோடு வேலை’ என்று கடிதம் எழுதிவிட்டு வாய்க்காலைச் சேர்க்காமல் விட்டதால் பாதியில் நின்ற வேலைகள் உண்டு. செய்யப் போவதை முழுதாக எழுதி, பராமரிப்பு மட்டுமே என்பதை மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சரணாலயத்துக்குள் என்றால் கண்டிப்பாக.

மலை கிராமத்துக்குக் குடிநீர்க் குழாய், அரைக் கிலோமீட்டர் பாதை. இதற்கும் டெல்லி வரை போக வேண்டுமா?

வேண்டாம். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதற்காகவே இருக்கிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சிறு வாய்க்கால், சாலை, சமுதாயக் கூடம் என 13 வகை அரசு வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை விடலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அனுமதி மாவட்ட அளவிலேயே முடியும்.

இதில் சிக்குவது கிராம சபைத் தீர்மானம்தான். கூட்டம் நடந்ததாக எழுதிக் கைநாட்டு வாங்கிய காகிதம் கோர்ட்டில் நிற்காது. உண்மையாகக் கூட்டம் போடுங்கள். குழாய் எந்த வழியாகப் போனால் யானை மிதிக்காது என்பதை அந்த மக்கள்தான் சொல்வார்கள். நிலம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி அதைச் சொல்லாது.

முழு அனுமதிக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? டெண்டர் விட்ட பிறகு விண்ணப்பிக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமுண்டு என்றால் இதைப் படியுங்கள்.

காட்டு நிலத்துக்கான விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் போகிறது. மாவட்ட வன அலுவலர், மண்டல அலுவலர், மாநில அரசு, மத்திய அமைச்சகம் என்று ஏறும். முதலில் முதல்நிலைக் கொள்கை ஒப்புதல். அதில் நிபந்தனைகள்: ஈடாக வேறு நிலத்தில் காடு வளர்ப்பு, காட்டின் நிகர மதிப்புக்கான தொகை, இன்னும் பல. அவற்றை நிறைவேற்றிப் பணம் கட்டிய பிறகு இரண்டாம் நிலை இறுதி ஒப்புதல். சாலை, குழாய், மின்தடம் போன்ற நீள்வாக்குத் திட்டங்களுக்கு மட்டும், முதல்நிலை ஒப்புதலும் பணமும் முடிந்ததும் தற்காலிக வேலை அனுமதி வாங்க வழி உண்டு. சரணாலயம் என்றால் கோப்பு தலைமை வன உயிரினக் காப்பாளர், மாநில வாரியம், தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழு என்று இன்னொரு படிக்கட்டில் ஏற வேண்டும். புலிகள் காப்பகம் என்றால் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் நடுவில் வரும்.

இதையெல்லாம் வேலை உத்தரவு கொடுத்த பிறகு ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஒப்பந்ததாரர் மெஷினை இறக்கிவிடுவார். வாடகை ஓடும். கால நீட்டிப்பு, விலை உயர்வுக் கோரிக்கை, நடுவர் மன்றம். பிறகு பத்திரிகையில் ‘வனத்துறை முட்டுக்கட்டை’ என்று செய்தி வரும். வனத்துறைக்குக் காகிதமே ஆறு மாதம் கழித்துத்தான் போயிருக்கும். சட்டத்தால் தாமதமான வேலையை நான் பார்த்தது குறைவு. தாமதமாகக் கேட்டதால் தாமதமானவையே அதிகம்.

சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வழக்கை நினைவிருக்கும். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றது, ஆனால் வேலை தொடங்கும் முன் அனுமதி கட்டாயம் என்றது. அதைச் சாக்காக வைத்து, கடைசி நாள் வரை தள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. என் பழக்கம் வேறு: அலைன்மெண்ட் (சாலை போகும் வழி) வரைபடத்தில் பென்சில் கோடு இருக்கும்போதே ரேஞ்சரை (வனச்சரக அலுவலரை) கூட்டிக்கொண்டு ஒரு நாள் நடந்துவிடுவது. நூறு மீட்டர் கோட்டை நகர்த்தினால் காட்டு நிலமே வராமல் போகலாம். பேனா கோடான பிறகு அதை யாரும் நகர்த்த மாட்டார்கள்.

சாலையோர மரங்களை வெட்ட யாரிடம் போவது?

அரசு நிலத்து மரங்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு. எண் போட்டு, சுற்றளவு அளந்து, வனத்துறையிடம் மர மதிப்பு வாங்கி, பிறகு ஏலம். வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்று என்பது வழக்கமான நிபந்தனை. சந்தன மரம் இருந்தால் கை வைக்காதீர்கள், அது வனத்துறை வந்து எடுக்க வேண்டியது. பனைமரத்துக்கு ஆட்சியர் அனுமதி கட்டாயமாக்கப்படும் என்று 2021-இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். ‘பனைதானே’ என்று சாய்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவது பற்றி: அரச மரம், ஆல், அத்தி வகைகள் பிழைக்கும். முதிர்ந்த புளியமரத்தைப் பெயர்த்து நட்டுப் போட்டோ எடுத்துவிட்டு அடுத்த கோடையில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் விறகாக நிற்கும். பழைய சாலைப் புளியமரங்களைக் காப்பாற்ற நல்ல வழி, அவற்றை நடுத்திட்டாக வைத்து மறுபக்கம் புதிய தடம் போடுவது. இடம் இருந்தும் இதை யோசிக்காமலே விட்ட சாலைகள் எத்தனை!

எஸ்டிமேட்டில் என்னென்ன சேர்க்க வேண்டும்?

எஸ்டிமேட்டில் இல்லாதது தளத்தில் நடக்காது. அனுமதிக் கடிதத்தில் இருபது நிபந்தனை இருக்கும். அது கோப்பில் பத்திரமாக இருக்கும். ஒப்பந்ததாரர் கையில் இருப்பது விலைப்பட்டியல் மட்டும். அதில் அதற்கென்று ஒரு வரி (ஐட்டம்) இல்லையென்றால் அவர் ஏன் செய்யப் போகிறார்? ‘சுற்றுச்சூழல் மேலாண்மை: லம்ப்சம்’ என்று ஒரே வரி போட்டால் அதுவும் வீண். எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) அளந்து எழுத முடியாத எதற்கும் பில் போடச் சண்டை வரும்.

கன்று நடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். குழி, கன்று, நடவு மூன்றும் ஒரு வரியாக இருந்தால், நட்ட மறுநாளே பில் ஆகிவிடும். சித்திரையில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. நடவுக்கு ஒரு வரி, முள்வேலிக்கூண்டுக்கு ஒரு வரி, மூன்று வருடத் தண்ணீருக்கு வருடத்துக்கு ஒரு வரி, அதுவும் உயிரோடு நிற்கும் கன்றை எண்ணித்தான் பணம் என்று எழுதுங்கள். நான் பார்த்தவரை இந்த ஒரு வாக்கியம் கன்றுகளைக் காப்பாற்றிய அளவுக்கு எந்தச் சுற்றறிக்கையும் காப்பாற்றியதில்லை.

வேறு வரிகள்: காட்டுப் பகுதியில் தங்கும் கூலியாட்களுக்குச் சமையல் கேஸ் (இல்லையென்றால் விறகு எங்கிருந்து வரும் என்று கேட்கத் தேவையில்லை), வனத்துறை நியமிக்கும் காவலர் கூலி, விளக்குகளுக்குக் கீழ்நோக்கிய மூடி. பாக்ஸ் கல்வெர்ட் கட்டும்போது உள்ளே ஒரு பக்கம் திண்ணை மாதிரி உயர்த்திவிட்டால், தண்ணீர் ஓடும் மாதங்களிலும் கீரியும் முள்ளம்பன்றியும் கால் நனையாமல் கடந்துபோகும். கான்கிரீட் கூடுதல் கொஞ்சம்தான். டிசைன் கட்டத்தில் சொன்னால் மட்டும்.

மண் எடுக்கும் இடத்தில் பறவைக் கூடுகள் இருந்தால் என்ன செய்வது?

இதில் நான் ஒருமுறை தப்பு செய்திருக்கிறேன். ஒரு தரைப்பாலத்துக்கு அணுகுசாலை போட ஓடைக்கரை மேட்டில் மண் எடுத்துக்கொண்டிருந்தோம். மாசி கடைசி. ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தாக வெட்டி நின்ற சுவர். காலையில் இரண்டு டிப்பர் ஏற்றி அனுப்பிய பிறகு ஜே.சி.பி. ஓட்டும் பையன் இறங்கி வந்து, “சார், சுவத்துல ஓட்டை ஓட்டையா இருக்கு. குருவி உள்ள போகுது” என்றான். எலி வளை என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். சுவரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, டீ கிளாஸ் வாய் அளவில், வரிசையாகப் பதினேழு ஓட்டைகள். ஒவ்வொன்றின் வாயிலும் பறவைக் கால் உரசி உரசி விழுந்த இரட்டைத் தடம். மின்கம்பியில் பச்சையாய், வால் நீண்டு, வாயில் தும்பியோடு உட்கார்ந்திருந்தன பஞ்சுருட்டான்கள். நாங்கள் விலகுவதற்காகக் காத்திருந்தன. காலையில் பக்கெட் விழுந்த இடத்தில் இன்னும் எத்தனை ஓட்டை இருந்தது என்பது இனித் தெரியாது.

அன்று மேட்டின் மறு கோடிக்கு மெஷினை நகர்த்தினோம். கூடுள்ள இடத்துக்கு இரு பக்கமும் கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டோம். வனவருக்குத் தகவல் சொல்லி, அவர் வந்து பார்த்து எழுதிப் போனார். குஞ்சுகள் பறந்து போக ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. வேலை அதனால் ஒரு நாளும் நிற்கவில்லை, டிப்பர் கொஞ்சம் சுற்றிப் போனது. ஒப்பந்ததாரர் டீசல் கணக்குக் கேட்டார், கொடுத்தேன்.

இப்போது நான் சொல்வது: மாசி முதல் ஆனி வரை மண்மேட்டை வெட்டும் முன் ஒரு காலை அரைமணி நேரம் சும்மா நின்று பாருங்கள். பறவை எங்கே போய் மறைகிறது என்று தெரிந்துவிடும். முடிந்தால் மாலையில் வேலை முடிக்கும்போது வெட்டுச் சுவரைச் செங்குத்தாக விடாமல் சாய்த்துவிடுங்கள். சரிவில் அவை வளை தோண்டாது.

தளத்தில் பாம்போ வேறு விலங்கோ வந்துவிட்டால்?

வேலையை நிறுத்துங்கள், வழி விடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். நீங்களே பிடித்துச் சாக்கில் போட்டு வேறிடத்தில் விடுவதும் சட்டப்படி ‘பிடித்தல்’தான். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொள்வதைச் சட்டம் குற்றமாக்கவில்லை. ஆனால் ஐம்பது பேர் சுற்றி நின்று செல்போனில் எடுத்துக்கொண்டே அடித்தது தற்காப்பாகாது. அந்த வீடியோவே சாட்சியாகிவிடும்.

இதைவிட அதிகம் நடப்பது, இரவில் மூடாமல் விட்ட குழியில் விழுவது. குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் ஆமை, முயல், கீரி எல்லாம் விழும், ஏற முடியாது. சாயங்காலம் கிளம்பும் முன் பள்ளத்தின் ஒரு முனையைச் சரிவாக வெட்டிவிடுங்கள். இல்லையா, சென்ட்ரிங் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து அதன் மேல் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள், நகத்துக்குப் பிடி கிடைக்கும். காலையில் மண் தள்ளும் முன் ஒரு ஆள் பள்ளத்தின் நெடுக நடந்து பார்க்க வேண்டும். செலவு ஒரு பழைய சாக்கு.

ஏரி தூர்வாரப் போகிறோம், சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவும் இருக்கிறது. இதில் என்ன பிரச்சினை?

உத்தரவு இருப்பது சரி. எந்த மாதத்தில் என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை முதல் பங்குனி வரை தென் மாவட்ட, வட மாவட்ட ஏரிகளில் நாரையும் கொக்கும் கூடு கட்டும் காலம். நாட்டுக் கருவேலம், நீர்க்கடம்பு இல்லாத ஏரியில் அவை சீமைக் கருவேலத்திலேயே கட்டிவிடும். மரம் கெட்டது என்பதற்காகக் கூட்டுக்கு விதிவிலக்கு இல்லை. கூடு காலியான பிறகு வேலை. அகற்றும் இடத்தில் நாட்டு மரம் வளரும் வரை நடுத்திட்டுகளை விட்டுவைப்பது இன்னும் நல்லது.

ஏரிக்கு வரும் பறவை ஊர்க்காரனுக்கு எதிரி அல்ல. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது வேடந்தாங்கல்காரர்களுக்கு வெகு காலமாகத் தெரியும். 1798-லேயே செங்கல்பட்டுப் பகுதி கலெக்டரிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்று உரிமைச் சீட்டு வாங்கி வைத்த ஊர் அது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி கிடையாது. அப்படிப்பட்ட ஊர் எல்லையில் பாறை வெடி வைக்கவோ பைல் (அஸ்திவாரத் தூண்) அடிக்கவோ திட்டம் போட்டால், சட்டத்துக்கு முன்னால் ஊர்க்காரர்கள் வந்து நிற்பார்கள். வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற ராம்சார் இடங்களில் ஈரநில விதிகளும் தனியாக உண்டு.

யானை கடக்கும் பாதையில் வேலை என்றால் எதைப் பார்ப்பார்கள்?

எல்லாவற்றையும். மதுக்கரை அருகே நவக்கரையில் 2021 நவம்பரில் ரயில் மோதி ஒரே இரவில் மூன்று யானைகள் செத்தன. அதற்குப் பிறகு அந்தத் தடத்தில் யானைகளுக்கான அடிப்பாதைகள், 2024 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் என்று வந்தன. தடம் போடும்போதே யோசித்திருக்க வேண்டியதைப் பின்னால் ஒட்டுப் போட்டோம். மகாராஷ்டிரத்தில் பென்ச் புலிகள் காப்பகத்தின் ஊடே போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் விலங்குகள் கடக்க ஒன்பது கடவைகளைச் சாலையோடு சேர்த்தே கட்டினார்கள். நீளமானது 750 மீட்டர். கேமரா வைத்துப் பார்த்ததில் புலி உட்பட 18 வகை விலங்குகள் பாலத்துக்கடியில் போய் வந்தன. நம் பக்கத்துப் பொறியாளர்கள் ஒரு முறை போய்ப் பார்க்கலாம்.

கட்ட முடியாத இடத்தில் நேரக் கட்டுப்பாடு வரும். பண்ணாரி–திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துத் தடையை 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அமல்படுத்தச் சொன்னதே, அதுபோல. உங்கள் வேலைக்கும் ‘சூரியன் மறைந்த பின் வேலை கூடாது’ என்ற நிபந்தனை நிச்சயம் இருக்கும். இரவு கான்கிரீட் போடுவதாக ஷெட்யூல் எழுதாதீர்கள்.

மின்கம்பியை மறக்க வேண்டாம். 2023 மார்ச்சில் கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரை மேல் ஏறிய ஆண் யானை, மேலே போன கம்பி உரசிச் செத்தது. கரையையோ சாலையையோ நாம் ஒரு மீட்டர் உயர்த்தினால் கம்பி ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். உயர்த்தியது ஒரு துறை, கம்பி இன்னொரு துறை என்பதால் இதை யாரும் அளப்பதில்லை.

கடற்கரையில் தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கும் கற்சுவர்), சாலை, விளக்கு?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் (ஒரு வகைக் கடலாமை) முட்டையிடும் மாதங்கள். முதல் அட்டவணை விலங்கு. முட்டையிலிருந்து வரும் குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம் நடக்கும். உங்கள் ஹைமாஸ்ட் விளக்கு கடலைவிடப் பளிச்சென்று இருந்தால் அது சாலைக்கு வந்து டயரில் சாகும். அந்த மாதங்களில் மணலில் மெஷின் இறக்காதீர்கள், விளக்குக்கு மூடி போடுங்கள். அலையாத்திக் காடு 1000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டரும் சேர்த்துப் பாதுகாப்பு மண்டலம்.

கிராவல், ஜல்லி வெளியே வாங்குகிறோம். குவாரி எங்கே இருந்தால் நமக்கென்ன?

நமக்குத்தான். சரணாலயம், புலிகள் காப்பகம் போன்றவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று தமிழ்நாடு 2021 நவம்பரில் விதி போட்டது. அப்போது காப்புக்காடும் அதில் இருந்தது, 2022 டிசம்பரில் அதை மட்டும் எடுத்துவிட்டார்கள் (எடுத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து). குவாரி அனுமதி நகலும் நடைச்சீட்டும் (லோடு கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) இல்லாத லோடை இறக்க விடாதீர்கள்.

தப்பு நடந்தால் மாட்டுவது யார்? ஒப்பந்ததாரர்தானே?

அப்படி நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-பி பிரிவு, மீறியது அரசுத் துறையானால் துறைத் தலைவரையே குற்றவாளியாகக் கருதுகிறது. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க முயன்றேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். தண்டனை 15 நாள் வரை வெறுங்காவல். சின்னதாகத் தெரியும், சஸ்பென்ஷன் சின்னதில்லை.

வன உயிரினச் சட்டம் கடுமையானது. பொதுவாக மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினாலோ சரணாலயத்துக்குள் வேட்டை என்றாலோ குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஏழாண்டு, அபராதம் 25,000-க்குக் குறையாமல். நிறுவனம் என்றால் பொறுப்பிலிருந்த ஆளும் சேர்ந்து. குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியையும் பறிமுதல் செய்யலாம். வாடகை ஜே.சி.பி. மாட்டிக்கொண்டு, தவணை கட்ட முடியாமல் வண்டிக்காரர் தெருவுக்கு வந்த கதை எனக்குத் தெரியும். பக்கெட்டை இறக்கச் சொன்னவர் யார் என்பதற்கு அவரிடம் காகிதம் இல்லை.

ரேஞ்சர் ‘பார்த்துச் செய்யுங்க சார்’ என்று சொல்லிவிட்டார். போதாதா?

போதாது. அவர் மாற்றலாகிப் போனால் அந்த வாக்கியமும் கூடவே போய்விடும்.

வேலை முடிந்தது, கடைசி பில் போடப் போகிறோம். கோப்பை மூடலாமா?

பில்லுக்கு முன்னால் ஒரு முறை நடந்து பாருங்கள். லேபர் ஷெட் பிரித்த இடத்தில் பிளாஸ்டிக் கிடக்கிறதா, ஆழ்துளைக் குழாய்க்கு மூடி இருக்கிறதா, மண் எடுத்த குழியில் மழை வந்தால் யானைக் குட்டி விழுந்து ஏற முடியாத அளவுக்குத் தண்ணீர் நிற்குமா, கல்வெர்ட்டின் இரு வாயிலும் செத்தையும் சென்ட்ரிங் கட்டையும் அடைத்துக்கொண்டிருக்கின்றனவா. விலங்கு போக என்று திண்ணையெல்லாம் வைத்துக் கட்டிய கல்வெர்ட்டில் மிச்சச் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி, கதவு போட்டுப் பூட்டி வைத்திருந்ததை ஒரு முறை பார்த்தேன். சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் ஊருக்குப் போயிருந்தார்.

ஒப்புதல் நிபந்தனைகளுக்கு வருடாவருடம் அறிக்கை அனுப்ப வேண்டியது வேலை முடிந்த பின்னும் தொடரும். கன்று எண்ணும் வரி மூன்று வருடம் என்றால் கோப்பும் மூன்று வருடம் திறந்துதான் இருக்கும்.